பேரனை எப்போது மடியில் வைக்கலாம்? கதிர்வீச்சு கேள்வி-பதில்

திருமங்கலம் வாசகி: இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே எடுத்தேன். அந்தக் கதிர் உடம்பில் எத்தனை நாள் தங்கும்? கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

ஒரு நொடிகூடத் தங்காது. எக்ஸ்ரே கருவியில் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை; மின்சாரத்தால்தான் கதிர் உண்டாகிறது. ஸ்விட்சை அணைத்ததும் டியூப்லைட் வெளிச்சம் போவதுபோல் அதுவும் போய்விடும். தாராளமாகப் பால் கொடுங்கள்.

அலங்காநல்லூர் வாசகர்: அம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய். ஆபரேஷனுக்கு அப்புறம் அயோடின் மருந்து கொடுத்தார்கள். இப்போது பேரனைத் தூக்கக் கூடாதாம். எக்ஸ்ரேக்கு இல்லாத கட்டுப்பாடு இதற்கு ஏன்? அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்.

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: இது தீட்டும் இல்லை, தொற்றும் இல்லை, கொஞ்ச நாள் விஷயம்.

எக்ஸ்ரேயில் கதிர் மட்டும் உடம்பைக் கடந்து போகிறது. இங்கே கதிரை வெளியிடும் பொருளே உள்ளே போயிருக்கிறது. தைராய்டு செல்களுக்கு அயோடின் என்றால் அவ்வளவு பசி. அதனால்தான் கதிர் வீசும் அயோடின்-131 கொடுக்கிறோம். அதன் பீட்டா கதிர் ஓரிரு மில்லிமீட்டருக்குள் நின்று, மிச்சமிருக்கும் செல்களை அழிக்கும். காமா கதிர் மட்டும் வெளியே வரும். பேரனைத் தள்ளி வைப்பது அதற்காகத்தான். 8 நாளில் பாதி, 16 நாளில் கால் பங்கு என்று அந்த அயோடின் தேயும். சிறுநீரிலும் வெளியேறுவதால் உண்மையில் இன்னும் சீக்கிரமே குறையும். நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், தனி டம்ளர் இருக்கட்டும், கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றட்டும். மடியில் வைக்கும் தேதிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் நம்புங்கள். அதுவரை திண்ணையில் பாட்டி, தெருவோரம் பேரன் என்று தள்ளி உட்கார்ந்து பேசலாம். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகிவிடும்.

மேலூர் வாசகி: கிரானைட் சமையல் மேடையில் யுரேனியம் இருக்கிறதாமே?

இருக்கிறது, மிகச் சொற்பமாக. வாழைப்பழத்திலும்தான் கதிர் வீசும் பொட்டாசியம்-40 இருக்கிறது. நிம்மதியாகச் சமையுங்கள்.

உசிலம்பட்டி மாணவர்: கூடங்குளம் அணுகுண்டுபோல் வெடிக்குமா?

வெடிக்காது. குண்டுக்கு, எளிதில் பிளக்கும் வகையான யுரேனியம்-235 சுமார் 90 சதவீதம் வேண்டும். அங்கே எரிபொருளில் அது 5 சதவீதத்துக்கும் குறைவு. தண்ணீரை ஆவியாக்கி டர்பைனைச் சுற்ற, தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது, இங்கே அணு பிளக்கிறது.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். உலையை நிறுத்தினாலும் எரிபொருளின் சூடு உடனே அடங்காது. தொடர்ந்து குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் சுனாமி கெடுத்தது அந்தக் குளிர்விப்பைத்தான். ஆகவே உலையில் வேலை செய்பவர் யாரையாவது சந்தித்தால், கரண்ட் முழுக்கப் போனால் எப்படிக் குளிர்விப்பீர்கள், பயன்படுத்திய எரிபொருளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள், தம்பி.