கொழும்பு வெள்ளவத்தையில் இப்போதே பிளட் (தொடர்மாடி வீடு) வாங்கிவிடலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலை செய்கிறோம். கையில் வருவது மாதம் 3 இலட்சத்து 60 ஆயிரம். வெள்ளவத்தையில் 95 ஆயிரம் ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்து ஒழுங்கையில் கட்டிக்கொண்டிருக்கும் தொடர்மாடியில், எங்களுடையதைப் போன்ற இரண்டு அறை பிளட்டுக்கு 3 கோடியே 20 இலட்சம் சொல்கிறார்கள். எங்களிடம் 80 இலட்சம் உண்டு. கனடாவில் இருக்கும் அண்ணா 40 இலட்சம் தருவார். மிச்சம் 2 கோடி வங்கிக் கடன். "கொழும்பில சனம் கூடிக்கொண்டே போகுது, விலை இனி இறங்காது, பொம்பிளைப் பிள்ளைக்கு ஒரு வீடு வேணும்" என்கிறார் அம்மா. மகளுக்கு நாலு வயது. வாங்கலாமா ஐயா?

பதில்: இந்தக் கடனோடு வேண்டாம் மகள். வீடு வாங்குவதை நான் தடுக்கவில்லை, அந்த 2 கோடியைத்தான் தடுக்கிறேன்.

20 வருடத்துக்கு 11 வீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 2 இலட்சத்து 6 ஆயிரம். மிச்சம் ஒன்றரை இலட்சத்தில் பராமரிப்புக் கட்டணம், கரண்ட், சாப்பாடு, பிள்ளையின் படிப்பு. இழுத்துப் பிடித்துச் சமாளித்துவிடலாம்தான். ஆனால் வட்டி எத்தனை வருடத்துக்கு மாறாது என்று கடன் கடிதத்தில் தேடிப் பாருங்கள். வங்கிகள் நல்ல வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் சராசரி முதன்மை வட்டி 2022 தொடக்கத்தில் 9 வீதத்துக்குக் கீழே இருந்தது. அந்த வருடம் முடியும்போது 27ஐத் தொட்டுவிட்டது. அவ்வளவு கூட வேண்டாம், உங்கள் கடனுக்கு 18 வீதம் ஆனாலே தவணை 3 இலட்சத்து 8 ஆயிரத்தைத் தாண்டும். பிறகு வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

அம்மா சொல்லும் சனக் கணக்குக்கு வருவோம். 2012 குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சத்து 24 ஆயிரம் பேர். 2024இல் 23 இலட்சத்து 74 ஆயிரம். பன்னிரண்டு வருடத்தில் கூடியது வெறும் 50 ஆயிரம். இதே காலத்தில் கம்பஹா மாவட்டம் கொழும்பை முந்திவிட்டது. நடுத்தரக் குடும்பங்கள் அந்த மாவட்டத்து வத்தளை, களனி என்று வெளியே போகின்றன. 2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறந்த பிறகு அந்தப் பக்கம் இன்னும் வசதி. வெள்ளவத்தையூடாகப் போகும் காலி வீதியோரம் எழும்பும் மாடிகள் பெரும்பாலும் உங்கள் சம்பளத்தைப் பார்த்துக் கட்டப்படுபவை அல்ல. வெளிநாட்டுக் காசும் அவற்றை வாங்குகிறது. விலை ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். சனம் கூடுவதால் ஏறியே தீரும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

உங்கள் வாடகை வருடத்துக்கு 11 இலட்சத்து 40 ஆயிரம். அதே மாதிரி வீட்டின் விலையில் அது மூன்றரை வீதம்தான், கடன் வட்டியோ 11 வீதம். வாடகைக்கு இருப்பது காசை வீணாக்குவது என்று உறவினர் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வாங்குகிறவருக்கு முத்திரை வரியும் உண்டு: முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். உங்கள் பிளட்டுக்கு அது மட்டுமே 12 இலட்சத்து 79 ஆயிரம். உறுதி (பத்திரம்) எழுதும் நொத்தாரிசின் கூலி வேறு.

ஒரு வருடம் இப்படிச் செய்து பாருங்கள். தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் 1 இலட்சத்து 11 ஆயிரம். அதைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போடுங்கள். முடிந்தால் 13 இலட்சத்துக்கு மேல் சேரும். முடியாவிட்டால் அந்தக் கடன் உங்களுக்கு ஆகாது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம், 1 கோடிக்கு மேல் கடன் போகாதபடி, 2 கோடிக்குள் தேடுங்கள். தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளையில் கட்டி முடிந்த பழைய வீடாக இருந்தாலும் பரவாயில்லை. நாலு வயதுப் பிள்ளையின் சீதனத்தை இன்றைக்கே சீமெந்தில் போட வேண்டிய அவசரம் என்ன? ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வீட்டுக்காக 30 வீதம் எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பத்து வருடம் பங்களித்தவர்களுக்கு அது உண்மைதான். நான் என்றால் தொடமாட்டேன், அது உங்கள் முதுமைக்கு உள்ள காசு.

கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கு முற்பணம் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் சொந்த நொத்தாரிசைப் பிடியுங்கள், கட்டுகிறவர் காட்டும் ஆளை அல்ல. காணி உறுதி யார் பெயரில், அது வங்கியில் ஈடாக இருக்கிறதா, அனுமதித்த வரைபடத்தில் உங்கள் மாடி இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும்.

அண்ணாவின் 40 இலட்சம் கடனா, அன்பளிப்பா, பங்கா என்பதையும் எழுத்தில் வையுங்கள். அவர் இலங்கைக் குடியுரிமையை விட்டிருந்தால் உறுதியில் பெயர் போடுமுன் நொத்தாரிசிடம் கேளுங்கள். வெளிநாட்டவர் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, தொடர்மாடி வீட்டுக்கு அதில் தனி விதிகள் உண்டு.