வங்கி வேலையை விட்டுவிட்டு ஒரு பெண் கவுன்சிலர் தேர்தலில் நிற்கலாமா? அந்த அனுபவம் அங்கே உதவுமா?

தாராளமாக நிற்கலாம். அனுபவமும் உதவும். "பேங்க்கில கணக்கு எழுதினவங்களுக்கு அரசியல் எதுக்கு?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக மனசு வரவில்லை.

கேட்டிருப்பவர் பெண், நாற்பதைத் தாண்டியவர், அதிகாரி நிலையில் இருக்கிறார், வீட்டில் இன்னும் முழுச் சம்மதம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் புதுச்சேரிக்காரி. ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, அதிகாரியாகி, 2001-இல் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். 2006-இல் இங்கே ஒரு நகராட்சியில் கவுன்சிலராக ஜெயித்தேன். எந்த வங்கி, எந்த நகராட்சி, எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. ஊர் சின்னது. சம்பந்தப்பட்ட பலர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

விருப்ப ஓய்வு என்றதுமே "மொத்தமா பணம் வாங்கிட்டு வந்தவங்கதானே" என்பார்கள். 15 வருட சர்வீஸ் அல்லது 40 வயது இருந்தாலே போதும் என்று பொதுத்துறை வங்கிகள் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த சமயம் அது. பணம் வந்தது உண்மை. ஆனால் நான் கிளம்பியதற்குக் காரணம் பணம் இல்லை. அடுத்த புரமோஷனோடு வட மாநிலத்துக்கு டிரான்ஸ்ஃபர் நிச்சயம் என்றார்கள். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. என்னோடு வேலை பார்த்த எத்தனையோ பெண்கள் புரமோஷனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதே சீட்டில் இருந்து ரிட்டயர் ஆனார்கள். திறமை இல்லாமல் இல்லை. 2000-இல் ரஞ்சனா குமார் இந்தியன் வங்கிக்குத் தலைவராக வந்தார். பொதுத்துறை வங்கி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான். நாங்கள் வேறு வங்கி என்றாலும் அந்தச் செய்தி வந்த பேப்பர் எங்கள் கிளையில் கை மாறிக்கொண்டே இருந்தது. நஷ்டத்தில் கிடந்த வங்கியை அவர் லாபத்துக்குத் திருப்பினார். ஒரு பெண்ணுக்கு வாய்ப்பு கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்றும் அவரைத்தான் சொல்வேன்.

சரி, அனுபவம் எப்படி உதவியது என்று கேட்டீர்கள். நான் அதிக காலம் இருந்த கிளை பெரிய மார்க்கெட் பக்கம். மத்தியானம் வியாபாரம் முடிந்ததும் மீன் விற்கும் அம்மாக்கள் நேராகக் கவுண்டருக்கு வருவார்கள். இடுப்புச் சுருக்குப்பையில் இருந்து எடுக்கும் நோட்டு ஈரமாக ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் பரப்பி, பேப்பர் வெயிட் வைத்து, ஃபேன் காற்றில் காயவிட்டு எண்ணுவேன். அவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது, ஆனால் தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாஸ்புக்கைப் பார்க்காமலே சொல்வார்கள். நகைக் கடனுக்கு வருபவர் பிள்ளையின் ஃபீஸுக்கு வருகிறாரா, வட்டிக்காரனுக்குக் கட்ட வருகிறாரா என்பது முகத்திலேயே தெரிந்துவிடும். வோட்டு கேட்டுப் போனபோது எனக்குப் புதிதாக யாரையும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. "நம்ம பேங்க்கம்மா" என்று அவர்களே பக்கத்து வீட்டாரிடம் சொன்னார்கள்.

மன்றத்துக்குள் நுழைந்த பிறகு கைகொடுத்தது கணக்கு. ஒரு கூட்டத்தில் அஜெண்டா கட்டாக வந்தது. வாய்க்கால் தூர்வாரும் வேலைகள் வரிசையாக இருந்தன. ஒரு பொருளில் கோயில் முனையில் இருந்து பாலம் வரை. சில பக்கம் தள்ளி இன்னொரு பொருளில் பாலத்தில் இருந்து கோயில் முனை வரை. அது என் வார்டு வாய்க்கால், தினமும் தாண்டிப் போகிறேன். இரண்டும் ஒன்றேதான். நீளமும் ஒன்று, தொகை மட்டும் கொஞ்சம் வேறு. வங்கியில் அன்றாட வரவு செலவு எழுதும் டே-புக் டேலி ஆகாமல் ராத்திரி வரை உட்கார்ந்து வித்தியாசம் தேடிய கண்ணுக்கு இதெல்லாம் தப்பவே தப்பாது. எழுந்து கேட்டேன். டைப்பிங் பிழை என்றார்கள். பின்வரிசையில் இருந்து ஒருவர், "அம்மா, இது பேங்க் இல்ல, உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. செய்த வேலையின் அளவு எழுதி வைக்கும் எம்-புக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அளவு பார்த்துவிட்டுத் தீர்மானம் போடலாம் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். பொருள் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு அது ஒரே வேலையாக வந்தது.

இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை. மகளிர் ஒதுக்கீட்டில் வந்த கவுன்சிலர் என்றால் பின்னால் கணவர்தான் இருப்பார் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்த வாய்க்கால் விஷயத்துக்கு அப்புறம் கட்சி ஆள் ஒருவர் என் வீட்டுக்காரருக்குத்தான் போன் போட்டார், "கொஞ்சம் சொல்லி வைங்க சார்" என்று. "கவுன்சிலர் அவங்க. அவங்ககிட்டயே பேசிக்குங்க" என்று சொல்லி இவர் வைத்துவிட்டார். அப்படி ஒரு ஆள் வீட்டில் இல்லாவிட்டால் இந்த வேலை கஷ்டம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒதுக்கீடு இல்லையென்றால் எந்தக் கட்சியும் எனக்கு சீட் தந்திருக்காது என்பதும் உண்மை. அதற்காக ஒதுக்கீட்டில் வந்தவர்கள் எல்லாம் பொம்மை என்று எழுதுபவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று. அடுத்த முறை ஜெயித்தீர்களா என்று கேட்பீர்கள். அடுத்த முறையே வரவில்லை! புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 வருடம் கழித்து, அதுவும் நீதிமன்றம் தலையிட்டுத்தான் 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் எங்கள் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. 2021-இல் தேதி அறிவித்தும் இட ஒதுக்கீட்டுச் சிக்கல் நீதிமன்றம் போய் நின்றுவிட்டது. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நகராட்சிக்கான கட்டடத்தை எழுப்ப முடிந்தது, நகராட்சி மன்றத்தை எழுப்ப யாருக்கும் மனம் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இதே கதைதான், அதனால் யாரும் கட்சிக் கண்ணாடி போட்டுக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம்.

எங்கள் எல்லையான முள்ளோடை தாண்டினால் தமிழ்நாட்டுக் கடலூர். 2021-இல் மாநகராட்சி ஆனது, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து முதல் மேயராக ஒரு பெண் வந்தார். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம். 2023-இல் இருந்து மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் பத்தாயிரம் மதிப்பூதியமும் உண்டு. அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, ஆனால் ஆட்டோ செலவுக்குக்கூட வீட்டில் கை நீட்ட வேண்டாம்.

நீங்கள் கடலூர்ப் பக்கம் என்றால் அந்த மன்றத்தின் ஐந்து வருடம் 2027 தொடக்கத்தில் முடிகிறது, இப்போதே கணக்குப் போடுங்கள். பொதுத்துறை வங்கி அதிகாரி வேலையில் இருந்துகொண்டு நகராட்சித் தேர்தலில்கூட நிற்க முடியாது, நடத்தை விதியிலேயே தடை இருக்கிறது. பழைய பென்ஷன் திட்டத்தில் இருப்பவர் என்றால் 20 வருட சர்வீஸ் முடித்து, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். 2010 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்கள் புதிய பென்ஷன் திட்டத்தில் வருவார்கள், அவர்களுக்குக் கணக்கே வேறு. எதுவானாலும் வங்கி உங்களை விடுவித்த கடிதம் கையில் வந்த பிறகு மனுத்தாக்கல் செய்யுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று கட்சிக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள், கேட்காதீர்கள்.