லிக்விட் கூலரின் பம்பையும் ஃபேன்களையும் மதர்போர்டில் எங்கே செருகுவது?

நிலாவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிபியுவைத் தண்ணீரால் குளிர வைக்கும் லிக்விட் கூலர் ஒன்று வாங்கியிருக்கிறார்; அதன் ரேடியேட்டர் (தண்ணீரின் சூட்டை வெளியே விடும் தகட்டுப் பகுதி) 240 மில்லிமீட்டர். பம்பில் இருந்து ஒரு வயர், இரண்டு ஃபேனில் இருந்தும் ஒவ்வொரு வயர். மதர்போர்டில் சிபியு ஃபேன், சிபியு ஆப்ட், ஏஐஓ பம்ப், சேஸிஸ் ஃபேன் என்று நான்கு விதமான ஹெடர்கள், அதாவது வயர் செருகும் ஊசி முனைகள். கடையில் கேட்டதற்கு "எதில் செருகினாலும் ஓடும்" என்றார்களாம்.

ஓடும்தான். எந்த வேகத்தில், எந்தச் சூட்டைப் பார்த்து ஓடும் என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

பம்பின் வேலை தண்ணீரைச் சுற்றிக்கொண்டே இருப்பது. கணினி போட்டதில் இருந்து நிறுத்தும் வரை அது ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஃபேன்களின் வேலை வேறு. சிபியு சும்மா இருக்கும்போது மெதுவாகவும், வேலை கூடும்போது வேகமாகவும் சுற்ற வேண்டும். அதனால் பம்ப் வயரை ஏஐஓ பம்ப் ஹெடரில் செருகுங்கள். சில போர்டுகளில் பம்ப் ஃபேன் என்றோ, சிஸ்டம் ஃபேன் பம்ப் என்றோ எழுதியிருக்கும். இரண்டு ஃபேன்களையும் ஒரு ஸ்ப்ளிட்டர் வயரில் சேர்த்து சிபியு ஃபேனில் செருகுங்கள். அதை வெறுமையாக விட்டால் பல போர்டுகள் தொடங்கும்போதே "சிபியு ஃபேன் எரர்" என்று காட்டி, எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றுவிடும்.

ஸ்ப்ளிட்டரை ஒருமுறை வடிவாகப் பாருங்கள். ஃபேன் செருகும் பக்கத்தில் ஒரு முனையில் நான்கு ஊசிகள், மற்றதில் மூன்றுதான் இருக்கும். அது பழுதல்ல. நான்கு ஊசிகளில் ஒன்று எர்த், ஒன்று 12 வோல்ட், ஒன்று ஃபேனின் வேகத்தைப் போர்டுக்குச் சொல்வது, மற்றது போர்டு ஃபேனுக்கு வேகக் கட்டளை கொடுப்பது. இரண்டு ஃபேன்களும் ஒரே நேரத்தில் வேகம் சொன்னால் போர்டு குழம்பிவிடும் என்பதால் ஒன்றுக்கு மட்டும் வேகம் சொல்லும் ஊசியை வைத்திருக்கிறார்கள். மின்னோட்டத்தைப் பற்றியும் பயம் வேண்டாம். சாதாரண ஹெடர் ஒன்று 1 ஆம்பியர் வரை தாங்கும். ஃபேனின் நடுவில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்தால் பெரும்பாலும் 0.2, 0.3 ஆம்பியர் என்றுதான் போட்டிருக்கும்.

பம்பைக் கண்ட இடத்தில் செருகினால் என்ன ஆகும் என்று உவர்மலையில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். கல்யாண வீடியோ எடிட் செய்பவர். ரெண்டரிங் தொடங்கியதும் சிபியு 95 பாகையைத் தொட்டு, வேகம் குறைந்து, வேலை இழுபட்டுக்கொண்டே போகும். கூலர் பழுது என்று மாற்றப் போனார். பக்கப் பலகையைக் கழற்றிக் கை வைத்துப் பார்த்தால் சிபியு மேல் உள்ள பகுதி சுடுகிறது, ரேடியேட்டர் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடக்கிறது. தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. பொருத்திக் கொடுத்தவர் பம்பை சேஸிஸ் ஃபேன் ஹெடரில் செருகியிருந்தார். அந்த ஹெடர் சிபியுவைப் பார்க்காமல் போர்டின் சூட்டைப் பார்த்து, வோல்டேஜைக் குறைத்து வைத்திருந்தது. வயரை இடம் மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. புதுக் கூலருக்கு வைத்திருந்த காசு அவரிடமே மிஞ்சியது.

பம்ப் ஹெடரே இல்லாத பழைய போர்டு என்றால் பம்பை சிபியு ஃபேனில் செருகி, பயோஸில் (விண்டோஸ் வருமுன் திறக்கும் போர்டின் செட்டிங் பக்கம்) அதை முழு வேகத்துக்கு வையுங்கள். அப்போது ஃபேன்களை சிபியு ஆப்டில் செருகாதீர்கள். பல போர்டுகளில் சிபியு ஆப்ட், சிபியு ஃபேன் சொல்வதையே கேட்கும். ஃபேன்களும் நாள் முழுக்க முழு வேகத்தில் இரையும். அவற்றைச் சேஸிஸ் ஃபேனில் செருகி, பயோஸில் எந்தச் சூட்டைப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் சிபியு என்று மாற்றிவிட்டால் போதும்.

சில கூலர்களின் பம்புக்குக் கரண்ட் பவர் சப்ளையின் சாட்டா வயரில் இருந்து வரும். அப்போது போர்டுக்குப் போகும் பிளக்கில் ஒரே ஒரு வயர்தான் தெரியும். அது வேகத்தைச் சொல்ல மட்டுமே. அதையும் செருகுங்கள். பம்ப் நின்றால் போர்டுக்கு அது வழியாகத்தான் தெரியும்.

கூலரில் கலர் லைட் இருந்தால் அதன் வயரில் மட்டும் மிகக் கவனம். போர்டில் லைட் செருகும் இடங்களில் மூன்று ஊசி உள்ளது 5 வோல்ட், நான்கு ஊசி உள்ளது 12 வோல்ட். 5 வோல்ட் லைட்டை 12 வோல்ட்டில் கொடுத்தால் எரிந்துவிடும். பொருந்தவில்லை என்றால் அமுக்க வேண்டாம்.

எல்லாம் செருகியபின் பயோஸுக்குள் போய் வேகங்களைப் பாருங்கள். பம்ப் வேகம் ஏறி இறங்காமல் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்க வேண்டும். அதன் சரியான அளவு கூலரின் பெட்டியில் இருக்கும். பம்ப் ஹெடர் முழு வேகத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எல்லாப் போர்டும் தானாக அப்படி வைப்பதில்லை.

அப்புறம் நம் ஊர் விஷயம். திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் 33, 34 பாகைக்குப் போவது சாதாரணம். எந்த லிக்விட் கூலராலும் தண்ணீரை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக ஏலாது. ஏசி உள்ள அறையில் சோதித்தவர்கள் இணையத்தில் போடும் எண்கள் நமக்கு வராது. வரவில்லையே என்று வயரைக் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டாம். அதே காற்று கொண்டுவரும் தூசு ரேடியேட்டரின் தகடுகளுக்குள் போய் அடையும். மெல்லிய தூரிகையால் அடிக்கடி தட்டிவிடுங்கள். காற்று அடித்துத் துப்புரவாக்கினால் ஃபேன் இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரவுசர் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஃபேன் சட்டென்று இரைந்து அடங்கினால் அதற்கும் பயோஸில் வழி உண்டு. வேகம் கூடுவதற்கு எடுக்கும் நேரத்தைச் சில விநாடிகள் தள்ளி வைக்கலாம். சிபியு சட்டென்று சூடாகும், தண்ணீர் ஆறுதலாகத்தான் சூடாகும். அதனால் அந்தச் சில விநாடித் தாமதத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.