லினக்ஸுக்கு பிரிண்டர்: "டிரைவர் போட்டுத் தருகிறேன்" என்பவரிடம் வாங்காதீர்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காததால் மகன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். இப்போது பிரிண்டர் வாங்க வேண்டும். தெரிந்த கடைக்காரர் ஒருவர் பயன்படுத்திய கேனன் எல்பிபி 2900 தருவதாகச் சொல்கிறார். லினக்ஸ் டிரைவரை அவரே 1,500 ரூபாய்க்குப் போட்டுத் தருவாராம். வாங்கலாமா? மனுக்கள், ஒப்பந்தங்கள் என எல்லாம் கறுப்பு வெள்ளைதான்.

பதில்: வேண்டாம். பிரிண்டரும் வேண்டாம், அந்த 1,500 ரூபாய் டிரைவரும் வேண்டாம்.

எல்பிபி 2900 மோசமான இயந்திரம் இல்லை. விண்டோஸில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் பக்கத்தைத் தானே அமைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் கணினி செய்து முடித்து, கேப்ட் எனப்படும் கேனன் நிறுவனத்தின் தனி மொழியில் அனுப்ப வேண்டும். அந்த மொழி தெரிந்த டிரைவர் இல்லையென்றால் அது வெறும் பெட்டி. கேனன் லினக்ஸுக்கு ஒரு கேப்ட் டிரைவர் வெளியிட்டது உண்மைதான். ஆனால் அது பழைய லினக்ஸ் பதிப்புகளுக்காக எழுதப்பட்டது. இன்றைய மின்டில் அதைக் கட்டி இழுத்து ஓட வைக்கலாம். அடுத்த முறை மின்டைப் புதுப்பிக்கும்போது நின்றுவிடும். நீங்கள் மறுபடி கடைக்காரரைக் கூப்பிடுவீர்கள், அவர் மறுபடி 1,500 கேட்பார். அவருடைய வியாபாரமே அதுதான்.

டிரைவர் என்பது கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவே மொழிபெயர்க்கும் மென்பொருள், ஒரு துபாஷி. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் துபாஷி நடுவில் இல்லாமல் ஒரு வணிகமும் நடக்காது. அவருக்கான பங்கு இல்லாமலும் நடக்காது. இரு தரப்புக்கும் ஒரே மொழி தெரிந்துவிட்டால் அவருக்கு அங்கே என்ன வேலை?

அந்தப் பொதுமொழி இன்று இருக்கிறது. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் மென்பொருளுக்குப் பெயர் கப்ஸ். 1999-இல் வெளியானது. ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளில் இதைப் பயன்படுத்தி, 2007-இல் அதன் மூலநிரலையே வாங்கியது. பிறகு ஐபோன் வந்தது. கைப்பேசியில் பிரிண்டர் டிரைவரையெல்லாம் நிறுவிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே டிரைவர் இல்லாமலே அச்சிடும் ஏர்பிரிண்ட் முறையை 2010-இல் ஆப்பிள் கொண்டுவந்தது. ஐபோனை வைத்திருப்பவர்களை இழக்க எந்த பிரிண்டர் நிறுவனத்துக்கும் மனம் வரவில்லை. அந்தப் போட்டியின் பலன் நம் வீட்டு லினக்ஸுக்கும் கிடைத்துவிட்டது. ஏர்பிரிண்ட் தெரிந்த பிரிண்டருக்கு லினக்ஸும் டிரைவர் இன்றி அச்சிடும். போதாததற்கு, வரவிருக்கும் கப்ஸ் 3.0-இல் பழைய பாணி டிரைவர்களுக்கு இடமில்லை என்று அதை எழுதுபவர்களே அறிவித்துவிட்டார்கள். இந்த நேரத்தில் டிரைவரை நம்பும் பிரிண்டரைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

ஆகவே கடையில் நீங்கள் தேட வேண்டியது ஒன்றே: பெட்டியின் மேல் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா (ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான அதே போன்ற முறை) என்று அச்சிட்டிருக்கிறதா? உங்களிடம் ஐபோன் இருக்க வேண்டிய அவசியமில்லை. 'லினக்ஸ்' என்ற சொல்லைத் தேடி ஏமாறாதீர்கள். அரசு விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் என்ற இந்திய லினக்ஸைப் போட்டுக் கொடுத்து எத்தனை காலம் ஆகிறது! இன்னும் பெட்டிகளில் பெரும்பாலும் 'விண்டோஸ், மேக்' என்றுதான் போடுகிறார்கள். வேலை செய்கிற ஒன்றை வேலை செய்கிறது என்று அச்சிட இவர்களுக்கு என்ன தயக்கமோ!

மாடல் எண்ணின் வாலையும் பாருங்கள். இறுதியில் டபிள்யூ இருந்தால் பொதுவாக வைஃபை உண்டு. டி இருந்தால் தாளின் இருபுறமும் தானே அச்சிடும். "அதே மாடல்தான் சார், ஆயிரம் ரூபாய் குறைவு" என்று நீட்டப்படும் பெட்டியில் அந்த டபிள்யூ காணாமல் போயிருக்கும். டிரைவர் தேவைப்படாத வசதியும் அதோடு போயிருக்கும்.

உங்கள் வேலைக்கு ஏற்றது கறுப்பு வெள்ளை லேசர்தான். இங்க் டேங்க் பிரிண்டரில் பக்கத்துக்கு ஆகும் செலவு குறைவு என்பார்கள், சரிதான். ஆனால் மனுவோடு மழையில் நனைந்தபடி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடுகிறவரின் கையில் எழுத்து கரைந்துவிடக் கூடாது.

காசு கொடுக்கும் முன் மகனிடம் சொல்லி லினக்ஸ் மின்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, மடிக்கணினியோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். நிறுவத் தேவையில்லை, பென்டிரைவிலிருந்தே மின்ட் ஓடும். யுஎஸ்பி கம்பியைச் செருகி, ஒரு சோதனைப் பக்கம் கேளுங்கள். வந்தால் வாங்குங்கள். "பெட்டியைப் பிரிக்க முடியாது" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஹெச்பி லேசர்ஜெட் 1020 இருக்கிறது, அதை எறிவதா என்று பலர் கேட்பார்கள். எறிய வேண்டாம். ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். அந்த இயந்திரத்துக்கு நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வந்ததும் அதன் உள்நிரலைக் கணினிதான் மறுபடி ஊட்ட வேண்டும். மின்டில் ஹெச்பிக்கான எச்பிலிப் மென்பொருள் இருக்கும். ஆனால் 1020-க்குத் தேவையான கூடுதல் இணைப்பு (பிளக்இன் எனப்படும் துணை மென்பொருள்), உரிமக் கட்டுப்பாட்டால் அதனுடன் வராது. எச்பிலிப்பின் அமைப்புச் சாளரம் கேட்கும்போது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். எச்பிலிப்பின் பதிப்பும் இணைப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்டைப் புதுப்பித்தபின் எச்பிலிப் முன்னே போயிருக்கும், இணைப்பு பின்தங்கியிருக்கும். அப்போது திரையில் 'அச்சிட்டு முடிந்தது' என்று வரும். தாள் ஒன்றும் வராது. பிரிண்டர் கெட்டுவிட்டது என்று எண்ணி ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். இணைப்பை மட்டும் மறுபடி இறக்கினால் போதும்.

புதிய பிரிண்டரைப் பொருத்துவதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. செருகியதும் மின்ட் தானே கண்டுகொள்ளும். சில நேரம் ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் தெரியும். வேலை செய்யும் பெயரை இயல்புநிலையாக்கிவிட்டு மற்றதை மறந்துவிடுங்கள்.

திடீரென்று அச்சு வராமல் போனால் யாரையும் அழைக்கும் முன் உலாவியின் முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி (:) போட்டு, 631 என்று சேருங்கள். கப்ஸின் பக்கம் திறக்கும். பிரிண்டர்கள் பட்டியலில் உங்களுடையதன் அருகே 'நிறுத்தப்பட்டது' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கும். தாள் சிக்கிய நேரத்தில் வரிசை நின்று, அப்படியே கிடக்கிறது. மீண்டும் தொடங்கச் சொல்லும் தேர்வு அங்கேயே இருக்கிறது. இந்த ஒரு சொடுக்குக்கு வீடு தேடி வந்து 500 ரூபாய் வாங்குகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இன்னும் மோசம், தேடுபொறியில் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்கள். அழைத்தால் திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். உடனே துண்டித்துவிடுங்கள், அவர்கள் தேடுவது உங்கள் பிரிண்டரை அல்ல, வங்கிக் கணக்கை. பெட்டிக்குள் வரும் கையேட்டில் உள்ள எண்ணைத் தவிர வேறு எண்ணை நம்பாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தாள் நமுத்துப்போய் லேசரில் சுருண்டு சிக்கும். அதற்கும் லினக்ஸைத்தான் திட்டுவார்கள். கட்டைப் பிரித்ததும் மீதித் தாளை உறையோடு மூடி வையுங்கள்.

கடைசியாகத் தாள் அளவு. சில நேரம் பிரிண்டரின் அமைப்பில் அமெரிக்க 'லெட்டர்' அளவு உட்கார்ந்திருக்கும். அது ஏ4-ஐவிட உயரம் குறைவு என்பதால் மனுவின் அடிவரிகள் வெட்டுப்படும், அல்லது ஏ4 தட்டில் இருந்தும் தாள் இல்லை என்று பிரிண்டர் அடம்பிடிக்கும். அமைப்பில் ஏ4-ஐத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிடுங்கள். ஒப்பந்தங்களுக்கு லீகல் தாள் வைக்கும்போது, தட்டின் பின்தடுப்பை நகர்த்துவதோடு, அச்சிடும் சாளரத்திலும் லீகல் என்று மாற்ற வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால், சாட்சிகள் கையொப்பமிடும் இடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.