ஹெச்.டி.எல். நன்றாக இருந்தால் எல்.டி.எல். ஏறினாலும் பரவாயில்லையா?

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 162, ஹெச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 68. திசுக்களில் தேங்கும் கொழுப்பை நல்ல கொலஸ்ட்ரால் வாரிக்கொண்டு போய்விடும் என்கிறார்களே, அப்புறம் மாத்திரை எதற்கு?

பதில்: 162-லிருந்து 68-ஐக் கழித்துக்கொள்ள முடியாது. அந்த 68, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஹெச்.டி.எல். துகள்களில் தற்போது இருக்கும் கொலஸ்ட்ராலின் அளவு மட்டுமே. சாலையில் நிற்கும் லாரிகளை எண்ணினால் சரக்கு போய்ச் சேர்ந்ததா என்று தெரியுமா?

கொலஸ்ட்ராலின் வளையத்தை உடைக்கும் நொதி மனித உடலில் இல்லை. மிஞ்சியதை முழுசாக வெளியேற்றித்தான் ஆகவேண்டும். ரத்தக்குழாய்ச் சுவரில் எல்.டி.எல்.லை விழுங்கிப் பருத்த மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லுக்குள் கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலத்தோடு பிணைந்த எஸ்டர் வடிவில் சொட்டுகளாகத் தேங்கியிருக்கும். முதலில் எஸ்டர் பிணைப்பு அறுபட வேண்டும். பிறகு செல் சவ்விலுள்ள ஏபிசிஏ1 என்ற புரதம் அதை வெளியே தள்ள, கல்லீரலும் சிறுகுடலும் தயாரிக்கும் ஏபோ ஏ-1 என்ற புரதம் வாங்கிக்கொள்ளும். இப்படிப் பிறக்கும் ஹெச்.டி.எல். தட்டையாக இருக்கும். ரத்தத்திலுள்ள எல்கேட் நொதி கொலஸ்ட்ராலை மறுபடி எஸ்டராக்கித் துகளின் நடுவே தள்ளும்போது உருண்டையாகும். மேற்பரப்பில் இடம் கிடைப்பதால் இன்னும் ஏற்றிக்கொள்ளும். ஏபிசிஏ1 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் வருவது டாஞ்சியர் நோய்: ஹெச்.டி.எல். கிட்டத்தட்ட பூஜ்யம், டான்சில்கள் ஆரஞ்சு நிறத்தில் வீங்கும்.

கல்லீரல் ஒரு பகுதியை ஹெச்.டி.எல்.லிடமிருந்து நேரடியாக எடுத்துக்கொள்கிறது. இன்னொரு பகுதி சிஇடிபி என்ற புரதத்தின் வழியே எல்.டி.எல்.லுக்கு மாறி, அதைப் பிடிக்கும் ஏற்பிகள் மூலம் கல்லீரலுக்குள் வருகிறது. ஆம், 'கெட்டது' என்று பெயர் வாங்கியதும் இந்தத் திரும்பும் பாதையில் உண்டு! எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை அந்த ஏற்பிகளைத்தான் கூட்டுகிறது. சிஇடிபியை அடைத்து ஹெச்.டி.எல்.லை ஏற்றிய டார்செட்ராபிப் மருந்தின் சோதனை 2006-ல் நிறுத்தப்பட்டது; எண் ஏறியது, இறப்பும் கூடியது.

கல்லீரலிலிருந்து வெளியேற பித்தநீர்தான் முக்கிய வழி. கொலஸ்ட்ராலாகவே இறங்கும், அல்லது பித்த அமிலமாக மாறி இறங்கும். அந்த அமிலத்தில் சுமார் 95 சதவீதத்தைக் குடல் திரும்ப உறிஞ்சிவிடும். மலத்தோடு போவது நாளுக்கு அரை கிராம் அளவுதான். கரையும் நார்ச்சத்து பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். தினம் 5 முதல் 10 கிராம் சேர்த்தால் எல்.டி.எல். ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். உங்கள் 162-க்கு அது மட்டும் போதாது.

எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஸ்டாடின்தான். உங்கள் அளவில் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாம் பார்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். பித்த அமிலத்தைப் பிடிக்கும் கொலஸ்டிரமின் தூளை எழுதித் தந்தால், தைராய்டு மாத்திரை உள்ளிட்ட மற்ற மருந்துகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ சாப்பிடுங்கள். இல்லையென்றால் அவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.