பல்கனியில் ஊளையிடும் பீகிள்

வணக்கம் அண்ணா,

வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி பிளாட் ஒன்றில் இருக்கிறோம். மகளின் பிடிவாதத்தால் போன வருஷம் ஒரு பீகிள் குட்டி வாங்கினோம். பெயர் ரொக்கி, இப்போது ஒன்றரை வயது. பாசத்துக்குக் குறைவில்லை, யார் வந்தாலும் மடியில் ஏறிவிடுவான். ஆனால் நாங்கள் வேலைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் வெளிக்கிட்டதும் ஊளையிடத் தொடங்குகிறான். மாமி வீட்டில்தான் இருக்கிறார். சாமியறைக்குள் போய்விடுவான், குசினியில் எதையும் விட்டுவைக்க மாட்டான் என்பதால் பல்கனியில் கட்டிவிட்டுப் போகிறோம். சப்பாத்து, தும்புத்தடி, பூச்சாடி எல்லாம் நாசம். கட்டட நிர்வாகக் குழுவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒரு பயிற்சியாளர், குரைத்தால் மின்சாரம் பாயும் கழுத்துப்பட்டி போடச் சொல்கிறார். கணவரோ, "வேட்டை நாயைப் பிளாட்டில் வைத்திருப்பதே பாவம், தோட்டம் இருக்கிற யாருக்காவது கொடுப்போம்" என்கிறார். மகள் அழுகிறாள். காலையும் மாலையும் மரைன் டிரைவில் நடக்கவும் கூட்டிக்கொண்டு போகிறோம். இதற்கு மேல் என்ன செய்வது?

— ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

கழுத்துப்பட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். தனிமை தாங்காமல் கத்துகிற நாய்க்கு வலியையும் கொடுத்தால் பயம் கூடுமே தவிரக் குறையாது. சத்தம் ஒருவேளை நிற்கும். அதற்குப் பிறகு தன் முன்னங்காலைத் தானே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயிற்சியாளர் எவ்வளவு பேர் போனவராக இருந்தாலும் இதில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: "மாமி வீட்டில்தான் இருக்கிறார்." பிறகு ஏன் ரொக்கி தனியாகக் கிடக்கிறான்? உள்ளே மனித வாடை, சமையல் வாடை, டிவிச் சத்தம். நடுவில் ஒரு கதவு. ஐந்தாம் மாடியில் கட்டிக் கிடக்கிறவனுக்குக் கீழே போகிற மீன்காரரும் தெரியும், அடுத்த ஒழுங்கை நாயும் தெரியும், ஒன்றிடமும் போக முடியாது. நான் நாயாக இருந்தால் நானும் தும்புத்தடியைக் கடித்திருப்பேன்.

பீகிள் ஒற்றை நாயாக இருக்கவென்று உருவான இனம் இல்லை. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக அவற்றைக் கூட்டம் கூட்டமாக வைத்திருந்தார்கள். நரி வேட்டைக்காரர்கள் குதிரையில் போவார்கள். பீகிள்களுக்குப் பின்னால் போகிறவர்கள் பெரும்பாலும் கால்நடையாகத்தான் போவார்கள். நாய்கள் பற்றைக்குள் மறைந்துவிட்டால் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே நல்ல தொண்டை உள்ள நாய்களாகப் பார்த்துப் பார்த்து இனம் பெருக்கினார்கள். வால் நுனி வெள்ளையாக இருப்பதும் உயரமான புல்லுக்குள் தெரியட்டும் என்றுதான் என்பார்கள். இன்றைய பீகிளின் வேர், 1830களில் எசெக்ஸில் பிலிப் ஹனிவுட் என்ற பாதிரியார் வைத்திருந்த கூட்டத்தில் இருக்கிறது. அவருடைய காதுக்குச் சங்கீதமாக இருந்த அதே குரல் இன்றைக்கு உங்கள் நான்காம் மாடிக்காரருக்குத் தலையிடி. ரொக்கி தன் கூட்டத்தைக் கூப்பிடுகிறான். அந்தக் கூட்டத்தில் மாமியும் ஒருவர்.

அதனால் மாமியோடு பேசுங்கள். சாமியறை வாசலுக்கும் குசினி வாசலுக்கும் இடுப்பளவு மரப் படலை ஒவ்வொன்று போடச் சொல்லுங்கள். பீகிளின் உயரம் 13 முதல் 16 அங்குலம்தான், அதைத் தாண்டுவது சுலபமில்லை. ஆனால் குறுக்குச் சட்டம் வைக்காதீர்கள், ஏணி மாதிரி ஏறிவிடும். குளித்துவிட்டுச் சாமி கும்பிடுகிறவருக்கு நாய் மேலே முட்டுவது பிடிக்காதுதான். பூசை முடிந்த பிறகு அவனை உள்ளே விடட்டும். மாமியின் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய சாரத்தை மடித்துப் போடுங்கள். அவர் விளையாடத் தேவையில்லை, தடவத் தேவையில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடத் தேவையில்லை. காலடியில் படுக்க விட்டால் போதும். முதல் சில நாள் சப்பாத்துகளை எல்லாம் அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. ஹோலில் ஒரு பழைய போனை ஒலிப்பதிவில் போட்டுவிட்டு வழக்கம்போல் போய் வாருங்கள். தனிமை தாங்காத நாய் பெரும்பாலும் ஆள் போன முதல் அரை மணிக்குள்ளேயே தொடங்கிவிடும். நேரம் போய், பத்துப் பதினொரு மணிக்குத் தொடங்கினால் சலிப்பு, அல்லது மீன்காரர். தனிமைதான் என்றால் உங்கள் புறப்பாட்டைச் சாதாரணமாக்க வேண்டும். லீவு நாளில் திறப்பை எடுங்கள், சப்பாத்தைப் போடுங்கள், திரும்ப வந்து கதிரையில் இருந்து பேப்பர் பாருங்கள். பிறகு கதவுக்கு வெளியே ஒரு நிமிஷம், லிப்ட் வரைக்கும், கீழே கடை வரைக்கும். அவன் கத்தத் தொடங்குவதற்கு முன் திரும்பி வருவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இனி மூக்கு. அமெரிக்காவில் ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு எலியை விட்டு நாய்களைத் தேட வைத்தார்கள். பீகிள்கள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தன. பொக்ஸ் டெரியர்களுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. ஸ்கொட்டிஷ் டெரியர்கள் கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை. அப்படிப்பட்ட மூக்குக்கு உங்கள் வீட்டில் என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள்?

காலைச் சாப்பாட்டைக் கோப்பையில் வைக்காதீர்கள். முட்டை வாங்கும் காகிதத் தட்டுகளின் குழிகளுக்குள் போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். அவித்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக்கி, சாரத்தின் மடிப்புக்குள், கதவுக்குப் பின்னால், கதிரைக் காலடியில் ஒளித்துவிட்டு "தேடு" என்று சொல்லுங்கள். மகள் பள்ளிக்கூடம் போகுமுன் செய்துவிட்டுப் போகலாம். ரொக்கியின் மூச்சுச் சத்தத்தைக் கேளுங்கள்: குட்டிக் குட்டியாக, விடாமல், நடுநடுவே ஒரு செருமல். முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான். இப்படிக் கால் மணி நேரம் தேட விட்டால் ஒரு மணி நேரம் ஓடிய நாயைவிட நிம்மதியாகத் தூங்கும் என்பது என் அனுபவம்.

நடையிலும் அப்படித்தான். மரைன் டிரைவில் "வா, வா" என்று இழுத்துக்கொண்டு ராமகிருஷ்ண மிஷன் பக்கம் போய்த் திரும்பினால் உங்களுக்குத்தான் உடற்பயிற்சி. நீளமான கயிறாகப் போட்டு, லைட் கம்பத்தடியில் அவன் நிற்கிற வரைக்கும் நில்லுங்கள். ஆனால் கடற்கரையில் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். மணலுக்குப் போகிற வழியில் ரயில் பாதை இருக்கிறது. மோப்பம் பிடித்துவிட்ட பீகிளுக்கு நீங்கள் கூப்பிடுவதும் கேட்காது, மாத்தறை ரயில் வருவதும் கேட்காது. வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுங்கள். நாய் மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர்த்துகிறது, கொழும்பின் ஈரக் காற்றில் அது சரியாக நடக்காது.

சாப்பாட்டில் கவனம். அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் பயணப் பைகளைச் சோதிக்க பீகிளைப் பிடித்ததற்குக் காரணம், மூக்கோடு சேர்ந்த பெருந்தீனியும் சனத்தைப் பயமுறுத்தாத முகமும்தான். அந்த முகத்தை வைத்து மாமியிடம் பாதிச் சோற்றை வாங்கிவிடுவான். கொழுத்தால் முதுகும் மூட்டும் கெடும். அதைவிட மோசமானது வெங்காயம். பச்சையாகவோ சமைத்தோ அது நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். நம்முடைய கறியில், சம்பலில், கட்டாச் சம்பலில் வெங்காயம் இல்லாதது எது? ஆகவே மிச்சக் கறி ஒன்றும் வேண்டாம்.

தொங்கு காதும் கொழும்பின் புழுக்கமும் ஒத்துப்போகாது. கிழமைக்கு ஒருமுறை காதைத் தூக்கி மணந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் மிருக வைத்தியரிடம் போங்கள், பஞ்சுக்குச்சி விட்டுக் குடையாதீர்கள். விரலிடுக்கில் உண்ணி தேடுங்கள். ஒருநாள் பீகிள் சாப்பாடு வேண்டாம் என்றால் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

உங்கள் கணவர் சொல்வதைப் பகிடியாக எடுக்கவில்லை. ஆனால் தோட்டம் என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். வத்தளையில் இருபது பேர்ச் வளவில் மாமரத்தடியில் கட்டிப் போட்டாலும் ரொக்கி இதே ஊளைதான் இடுவான், கேட்க நிர்வாகக் குழு இருக்காது, அவ்வளவுதான். மாமி முடியாது என்று சொல்லி, பகலில் வந்து பார்க்க வேறு ஆளும் கிடைக்காவிட்டால், அப்போது கொடுக்கத்தான் வேண்டும். நாள் முழுக்க ஆள் இருக்கிற வீடாகப் பார்த்துக் கொடுங்கள், அது பிளாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. மகளை இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகக் குழுவுக்குச் சுருக்கமாக ஒரு பதில் எழுதுங்கள்: இன்ன திகதியிலிருந்து நாய் பல்கனியில் இருக்காது என்று. விசர்நாய்த் தடுப்பூசி அட்டையின் பிரதியையும் வையுங்கள். மாநகர சபையில் பதியாவிட்டால் இந்தக் கிழமையே பதிந்துவிடுங்கள், நாய்ப் பதிவுக்கான சட்டம் 1901இலிருந்து இருக்கிறது. நான்காம் மாடிக்காரரிடம் மட்டும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

ஒலிப்பதிவில் எத்தனை மணிக்குத் தொடங்கினான் என்று எனக்கு எழுதுங்கள். மிச்சத்தை அதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.