சிரிப்பை வரவழைக்கும் சிக்கன யோசனைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ‘வரவுக்கு மேல் செலவு செய்யாதீர்கள்’ என்று எழுத ஒரு நிபுணர் வேண்டுமா? படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

பதில்: சிரித்ததில் தவறில்லை. அந்த வாக்கியத்தில் பிழை கிடையாது. எதை, எவ்வளவு குறைப்பது என்ற அளவுதான் கிடையாது. அளவில்லாத யோசனை யாருக்கும் உதவாது.

கேள்வி: பயன்படுத்தாதபோது செல்பேசி சார்ஜரைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். ஓராண்டாகத் தவறாமல் செய்தும் மின்கட்டணம் குறையவில்லை. வீட்டார் கேலி செய்கிறார்கள்.

பதில்: இந்த யோசனையை எதிர்த்துப் பலமுறை எழுதிவிட்டேன்; மறுபடியும் எழுதுகிறேன். தரமான புதிய சார்ஜர், செல்பேசி இணைக்காமல் செருகியிருக்கும்போது எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 0.1 வாட், ஆண்டின் 8,760 மணி நேரமும் அப்படியே விட்டுவைத்தாலும் செலவு ஒரு யூனிட்டை (1,000 வாட் ஒரு மணி நேரம் எடுக்கும் மின்சாரம்) எட்டாது. அதே ஒரு யூனிட்டை, 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் தொடர்ந்து அரை மணி நேரம் சூடேறினாலே தீர்த்துவிடும். நீங்கள் ஓராண்டு காத்த ஒழுங்கு முழுவதும் அந்த அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது யோசனை பொய் என்பதற்காக அல்ல. சார்ஜரைக் கழற்றியதும் கடமை முடிந்தது என்ற நிறைவு வந்துவிடுவதால், ஹீட்டரை அணைக்க வேண்டும் என்ற நினைவே பலருக்கு எழுவதில்லை என்பதற்காகத்தான். 60 வாட் குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்இடி பல்பைப் போட்டால், 20 மணி நேரத்துக்கு ஒரு யூனிட் மிச்சமாகும். வாட்டையும் மணியையும் பெருக்கிப் பார்த்த பிறகே எந்த யோசனையையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 50 சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் 20 சதவீதம் என்றால் மொத்தம் 70 தானே?

பதில்: இல்லை, 60. இரண்டாவது தள்ளுபடி மீதமுள்ள பாதி விலைக்கு மட்டுமே. தேவையில்லாத பொருளை வாங்கினால் மிச்சமே இல்லை.

கேள்வி: கிரெடிட் கார்டு பாக்கி சில மாதங்களாக நிற்கிறது. தினசரிச் செலவில் எதை நிறுத்தலாம்?

பதில்: பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு என்ற இரண்டையுமே எழுதாமல் பதில் கேட்கிறீர்கள். அளவைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கூட்டு வட்டியில் அது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். சில்லறைச் செலவுகளை எப்படிக் குறைத்தாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. சேமிப்புக் கணக்கில் பணம் இருந்தால் அதை எடுத்து முதலில் பாக்கியை அடைத்துவிடுங்கள்.

கேள்வி: ‘கடைக்குப் போகும்போது பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள்’ என்பதும் சிரிப்புக்குரியதா?

பதில்: இல்லை. பட்டியலில் அளவையும் எழுதுங்கள்.